மீகடத்திக் கம்பிக்குப் பலம் எதற்கு? வாசகர் கேள்விகள்

கேள்வி: எம்ஆர்ஐ காந்தத்தின் மீகடத்திக் கம்பியில் மின்தடையே கிடையாதாமே, அப்புறம் பலம் எதற்கு? (கல்லூரி மாணவி, திருநகர்)

பதில்: சுருள் உண்டாக்கும் காந்தப்புலமே அந்தச் சுருளை வெளிப்பக்கமாகத் தள்ளும். 1.5 டெஸ்லாவில் (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு) இந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 9 மடங்கு. புலம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. செர்ன் ஆய்வுக்கூடத்தில் துகள்களை மோதவிடும் வளையத்தின் 8.33 டெஸ்லா காந்தங்களுக்குக் கணக்குப் போட்டால் 270 மடங்கைத் தாண்டும்.

கேள்வி: மோட்டார் காயில் கட்டியதும் வார்னிஷில் முக்கிக் காயவைப்போம். அங்கேயும் அப்படித்தானா? (வைண்டிங் பட்டறை, சிம்மக்கல்)

பதில்: இந்த முறை வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி. அதேதான், இன்னும் கறாராக. பல காந்தங்களில் வெற்றிடத்தில் எபாக்சி பிசின் ஏற்றி இடுக்கெல்லாம் நிரப்புவார்கள். மோட்டாரில் ஒரு சுற்று லூசாக இருந்தால் அதிர்ந்து அதிர்ந்து எனாமல் தேய்ந்து ஷார்ட் ஆக நாளாகும். இங்கே நொடிகூட ஆகாது. திரவ ஹீலியத்தில் இந்தக் காந்தம் இருக்கும் மைனஸ் 269 டிகிரியில் செம்பின் வெப்ப ஏற்புத்திறன் அறை வெப்பத்தில் இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. கம்பி சில மைக்ரான் நழுவி உரசினாலே அந்த இடம் சூடேறி மீகடத்தல் போய்விடும். சூடு பரவும், திரவ ஹீலியம் கொதித்துக் கிளம்பும். இதைத்தான் குவென்ச் என்கிறோம். புதுக் காந்தம் முதலில் குறைந்த கரன்ட்டிலேயே இப்படிப் படுத்துவது சகஜம். போகப்போகக் கம்பிகள் இடம்பிடித்து உட்கார, கரன்ட்டும் ஏறும். எபாக்சியைக் கட்டிகட்டியாகத் தேங்கவும் விடக்கூடாது. குளிரில் அது உலோகத்தைவிட அதிகம் சுருங்கி விரிசல் விடும், அந்த விரிசலில் வெளிப்படும் சூடே போதும். கண்ணாடி இழைத் துணியை இடையில் வைப்பது அதற்காகவும்தான்.

கேள்வி: ஸ்கேனில் டமடமவென்று சத்தம் வருகிறதே, இந்தக் கம்பியா ஆடுகிறது? (கே.கே. நகர்)

பதில்: இல்லை. அது கிரேடியன்ட் காயில், அதாவது படம் எடுக்கப் புலத்தை இடத்துக்கு இடம் மாற்றும் தனிச் சுருள், சாதாரணச் செம்பு. அதில் கரன்ட் சட்சட்டென மாறும். பெரிய காந்தத்தில் மாறவே மாறாது.

கேள்வி: நயோபியம்-டின் என்ற மீகடத்தி நொறுங்குமாமே, ஏன் அதைப் போய் வாங்குகிறார்கள்? (ஆசிரியர், திருமங்கலம்)

பதில்: வளைந்து கொடுக்கும் நயோபியம்-டைட்டானியம் 10 டெஸ்லா பக்கம் போனால் திணறுகிறது. அதனால்தான். முறுக்கைப் பிழிந்த பிறகுதானே எண்ணெயில் போடுகிறோம்? இங்கேயும் நயோபியமும் தகரமும் (டின்) தனித்தனியாக இருக்கும்போதே கம்பியைச் சுற்றிவிட்டு, 650 டிகிரி உலையில் நாள்கணக்கில் வைக்கிறார்கள். சேர்மம் உள்ளேயே உருவாகிறது. எனாமல் அந்தச் சூட்டில் கருகிவிடும் என்பதால் காப்புக்குக் கண்ணாடி இழை. பிறகு ஒரு சதவீதம்கூட நீட்ட முடியாது. அதற்கு முன்பே இழைகள் விரிசல் விடும், பழைய கரன்ட் திரும்பாது. பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் அணுப்பிணைவு உலையின் 18 டொராய்டல் (வளையமாகச் சுற்றிவரும் புலத்தை உண்டாக்கும்) சுருள்களும் இந்த ரகம்தான். அங்கே கம்பிகளைப் புரியாக முறுக்கி எஃகுக் குழாய்க்குள் அடைக்கிறார்கள். பாரத்தில் பெரும்பங்கை எஃகுதான் சுமக்கிறது.