பதினோரு நாளில் ஏழு நாடா?

கேள்வி: பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். நானும் மனைவியும் ஐரோப்பா போக இருக்கிறோம். 11 நாளில் 7 நாடுகளைக் காட்டுவதாக ஒரு பயண நிறுவனம் சொல்கிறது. பேர்பெற்ற கட்டடங்களையும் அந்த ஊர்களின் அன்றாட வாழ்க்கையையும் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவர்கள் திட்டத்தில் பார்சிலோனாவுக்கு அரை நாள்தான். அதை விட்டுவிட்டு, அந்த அரை நாளைப் பாரிஸில் கடைத்தெருவுக்கு வைத்துக்கொள்ளலாமா? தவறவிடக் கூடாத கட்டடங்களின் பட்டியலும் கொடுத்தால் நல்லது.
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, நீங்கள் பணியில் இருந்த காலத்தில் ஓர் ஒப்பந்தக்காரர் வந்து, ஏழு பாலத்தைப் பதினோரு நாளில் முடித்துத் தருகிறேன் என்று எஸ்டிமேட் நீட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா? ஆளை வெளியே அனுப்பியிருப்பீர்கள். சொந்தப் பணத்தில் போகும்போது மட்டும் ஏன் இந்தத் தாராளம்?

போக ஒரு நாள், வர ஒரு நாள் கழித்தால் மிச்சம் ஒன்பது. அதில் நாட்டுக்கு நாடு பேருந்தில் போகும் நேரம், பெட்டியை ஏற்றி இறக்கும் நேரம், குழுவில் காணாமல் போனவரைத் தேடும் நேரம் எல்லாம் அடக்கம். நெடுஞ்சாலையை நன்றாகப் பார்ப்பீர்கள். கட்டடங்களுக்கு எதிரே இறக்கிவிட்டு, படம் எடுத்துக்கொள்ளக் கால் மணி நேரம் தருவார்கள். அன்றாட வாழ்க்கை என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

பார்சிலோனாவை விடலாமா என்கிறீர்கள். நான் சொல்வது தலைகீழ்: மற்ற ஆறு நாடுகளையும் விட்டுவிட்டு அந்த ஒரே ஊருக்குப் போங்கள். நீங்கள் பொறியாளர் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த ஊர் என்றதும் எல்லோரும் கௌடி என்ற கட்டடக் கலைஞர் பெயரைச் சொல்வார்கள். ஆனால் ஊரின் உடம்பை வகுத்தவர் உங்கள் இனம்: சாலையும் கால்வாயும் போட்டுப் பழகிய சிவில் இன்ஜினியர், இல்டெஃபோன்ஸ் செர்தா.

1854 வரை பார்சிலோனா கோட்டைச் சுவருக்குள் நெருக்கியடித்துக் கிடந்தது. காற்றில்லாத சந்து, அடுக்கடுக்கான குடித்தனம், காலரா. அந்த ஆண்டில் சுவரை இடிக்க அனுமதி கிடைத்தது. செர்தா நகரப் படம் வரைவதோடு நிற்கவில்லை. தொழிலாளி வீட்டில் எத்தனை பேர், என்ன கூலி, எந்தத் தெருவில் சாவு அதிகம் என்று கணக்கெடுத்தார். தெருவின் அகலமும் மனையின் அளவும் இந்தக் கணக்கை ஒட்டி வந்தன. 20 மீட்டர் அகலத் தெருக்கள், பக்கத்துக்கு ஏறத்தாழ 113 மீட்டர் கொண்ட சதுர மனைத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியின் நான்கு மூலைகளையும் 45 பாகையில் வெட்டிவிட்டார். எதிரில் வருவது தெரிய வேண்டும், நீராவி வண்டி திரும்ப இடம் வேண்டும் என்பது கணக்கு. மோட்டார் கார் அப்போது பிறக்கவே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய சுவருக்கு வெளியே இப்படி எழுந்த பகுதிக்கு எஷாம்ப்ல என்று பெயர். அங்கே ஏதாவது ஒரு நாற்சந்தியில், வெட்டிய மூலையில் போட்டிருக்கும் காப்பிக்கடை நாற்காலியில் உட்காருங்கள். நான்கு மூலைகளும் வெட்டப்பட்டதால் சாதாரணச் சந்திப்பே சின்ன மைதானம் போல அகன்றிருக்கும். சரக்கு வண்டி ஒரு மூலையில் இறக்கும், குப்பைத் தொட்டி ஒரு மூலையில், குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் தாத்தா ஒரு மூலையில் நின்று பேசிக்கொண்டிருப்பார். ஒரு மூலைவெட்டு எத்தனை வேலைக்கு ஆகிறது என்பதை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். இதற்கு டிக்கெட் கிடையாது. காப்பிக் காசு போதும்.

செர்தா நினைத்தபடியே எல்லாம் நடந்துவிட்டதா என்றால் இல்லை. தொகுதிக்கு இரண்டு பக்கம் மட்டும் கட்டடம், நடுவில் தோட்டம் என்று வரைந்தார். மனை வாங்கியவர்கள் சும்மா விடுவார்களா? நான்கு பக்கமும் கட்டினார்கள், பிறகு நடுவிலும் கட்டினார்கள், மேலேயும் ஏற்றினார்கள். இந்தக் கதை உங்களுக்குப் புதிதல்ல என்று நினைக்கிறேன். ரோஜர் தெ யூரியா தெருவில் 56-ஆம் எண் பக்கம் ஒரு நடைவழி இருக்கிறது. உள்ளே போனால், நாலாபுறமும் வீடுகளின் பின்கட்டு பால்கனிகள் சூழ, 19-ஆம் நூற்றாண்டின் செங்கல் நீர்த்தொட்டிக் கோபுரம் ஒன்று நிற்கும். மாநகராட்சி அந்த முற்றத்தை மீட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. கோடையில் கோபுரத்தின் காலடியில் முழங்கால் அளவுத் தண்ணீரில் அந்தப் பகுதிப் பிள்ளைகள் கும்மாளம் போடும். வரைபடத்தில் இருந்தது இதுதான்.

இன்னொரு வேடிக்கை. 1859-இல் மாநகராட்சி நடத்திய நகரத் திட்டப் போட்டியில் செர்தா ஜெயிக்கவில்லை. ஜெயித்தவர் அந்தோனி ரோவிரா. தலைநகர் மத்ரித்தில் இருந்த ஸ்பெயின் அரசு குறுக்கே புகுந்து செர்தாவின் திட்டத்தைத்தான் உறுதிசெய்தது. கிராசியா பகுதியில் ரோவிரா பெயரிலேயே ஒரு சதுக்கம் உண்டு. வெண்கலத்தில் அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் நீங்களும் உட்காரலாம். காலடியில், தரையில் பதித்த வெண்கலத் தகட்டில், நிறைவேறாத அவருடைய நகரத் திட்டம். தோற்றவரின் வரைபடத்தைக் காக்கும் ஊர் எனக்குப் பிடித்த ஊர்.

அதே ரோவிராதான் 1882-இல் செர்தாவின் சதுரம் ஒன்றை அப்படியே நிரப்பி சான்ட் அந்தோனி சந்தையை இரும்பில் கட்டினார். 2018-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். வெளியே தெருக்களில் காரைக் குறைத்து, மரமும் பெஞ்சும் போட்டிருக்கிறார்கள். ‘சூப்பர் பிளாக்’ என்று உலகமெங்கும் பேசப்படுவது இதுதான்: பல தொகுதிகளை ஒன்றாகச் சேர்த்து, ஓடும் வண்டிகளை வெளிச்சுற்றுக்குத் தள்ளிவிடுவது. ஞாயிறு காலையில் சந்தையை ஒட்டிப் பழைய புத்தகக் கடைகள் வரும். பத்திரிகைக்காரன் என்பதால் சொல்கிறேன், மொழி தெரியாவிட்டாலும் அங்கே போங்கள்.

சரி, கௌடிக்கு வருகிறேன். அவரைக் கிறுக்கர் என்றும் கனவுலகக்காரர் என்றும் எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். அவர் கட்டியதில் பாதி, லோடு எங்கே இறங்குகிறது என்ற கணக்கு. பிளாசா எஸ்பான்யாவிலிருந்து உள்ளூர் ரயிலில் கொலோனியா குவெல் என்ற பழைய மில் தொழிலாளர் குடியிருப்புக்குப் போங்கள். அங்கே ஒரு தேவாலயத்தின் அடித்தளம் மட்டும் முடிந்து நிற்கிறது. அதற்காகக் கௌடி பல ஆண்டு செலவழித்து ஒரு மாதிரி செய்தார். கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு, சுமைக்கு ஏற்ற எடையில் ஈயக் குண்டுப் பைகளை அவற்றில் கட்டினார். தொங்கும் நூலில் இருப்பது இழுவிசை மட்டும். அதைப் படம் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினால், அழுத்தம் மட்டுமே தாங்கும் வளைவு கிடைத்துவிடும். கால்குலேட்டர் இல்லாமல் போட்ட ஸ்ட்ரக்சுரல் டிசைன். சுற்றுலாக் குழுக்கள் அங்கே அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை, நிதானமாக நின்று சாய்ந்த தூண்களைத் தொட்டுப் பார்க்கலாம்.

இதைப் பார்த்துவிட்டு சக்ராடா ஃபமிலியா தேவாலயத்துக்குப் போனால் அது வேறு கட்டடமாகத் தெரியும். 1882-இல் வேறொருவர் தொடங்கியது, மறுவருடம் கௌடி கைக்கு வந்தது. 1926-இல் டிராம் மோதி விழுந்தவரை, உடுப்பைப் பார்த்து ஏழை என்று நினைத்து யாரும் அடையாளம் காணவில்லை. மூன்றாம் நாள் இறந்து, அந்தக் கோயிலின் நிலவறையிலேயே அடங்கினார். உங்கள் திட்டத்தில் இருப்பது வெளியிலிருந்து படம் எடுக்கும் கால் மணி நேரமாகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். சங்கதி உள்ளே. தூண்கள் மேலே போய் மரக்கிளை போலப் பிரியும், அது எல்லோருக்கும் தெரிவது. நீங்கள் தூணின் கல்லைப் பாருங்கள். சுமை குறைந்த இடத்தில் மணற்கல், சுமை கூடினால் கிரானைட், அதைவிடக் கூடினால் பசால்ட், நட்ட நடுவே மிக அதிகமாகத் தாங்கும் நான்கு தூண்களுக்குச் செந்நிறப் போர்ஃபிரி. நிறத்தை வைத்தே எந்தத் தூணில் எவ்வளவு லோடு என்று படித்துவிடலாம். காலையில் கிழக்குக் கண்ணாடி வழியே நீலமும் பச்சையும், பின்மாலையில் மேற்கே செம்மஞ்சள். நுழைவுச்சீட்டை இணையத்தில் நேரம் குறித்து முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

கௌடி அமைத்த பூங்காவான பார்க் குவெலில் எல்லோரும் உடைந்த ஓடு பதித்த பல்லியோடு படம் எடுப்பார்கள். நீங்கள் அதன் தலைக்கு மேலே இருக்கும் 86 தூண் மண்டபத்தில் நில்லுங்கள். மேல்தளத்தின் மண்தரை மழைநீரை வடிகட்டி, தூண்களின் உள்ளே குழாய் வழியாக இறக்கி, கீழே உள்ள தொட்டியில் சேர்க்கிறது. நிரம்பி வழிந்தால் அந்தப் பல்லியின் வாய் வழியே வெளியேறும். மழைநீர் சேகரிப்புக்கு இதைவிட அழகான ஓவர்ஃப்ளோ இருந்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

பட்டியல் கேட்டீர்கள். தரமாட்டேன். கௌடி கட்டிய லா பெட்ரேரா என்ற அடுக்ககத்தின் பரணில் இருக்கும் செங்கல் வளைவுகள், கடலோடிகளும் சுமைதூக்கிகளும் கட்டிய சாந்தா மரியா தெல் மார் கோயில் (வாசற்கதவில் கல் சுமக்கும் தொழிலாளியின் சின்ன உருவம் உண்டு), இரண்டும் நடந்து போகிற வழியில் தாமே எதிர்ப்படும். பாசெச் தெ கிராசியா சாலையில் அண்ணாந்து பார்த்தே நடக்காமல் கீழேயும் பாருங்கள். நடைபாதையில் கௌடி வரைந்த அறுகோணத் தளவோடுகள், ஏழு சேர்ந்தால்தான் கடல்வாழ் உயிர்களின் முழுக் கோலமும் தெரியும்.

ஊர் வாழ்க்கையைப் பார்க்க வேண்டுமானால் ஊரின் கடிகாரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். ஏழு மணிக்கு உணவகத்தில் போய் உட்கார்ந்தால் உங்களைப் போன்ற வெளியூர்க்காரர்கள்தான் இருப்பார்கள். சைவமாக இருந்தால், தக்காளி தேய்த்த ரொட்டியும், சுட்ட கத்தரிக்காய் குடமிளகாயும், உலர்திராட்சை போட்ட கீரையும் கிடைக்கும். காய்கறிப் பதார்த்தம் என்று சொன்னாலும் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கக்கூடும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

அங்குள்ளவர்களுக்குச் சுற்றுலாக் கூட்டத்தின் மேல் கோபம் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. வாடகை ஏறி உள்ளூர்க்காரர் வெளியேற வேண்டியிருக்கிறது. 2024 ஜூலையில் பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்தே ஆர்ப்பாட்டம் செய்தார்கள். சுற்றுலாவுக்கு விடும் அடுக்ககங்களின் உரிமங்களை 2028-க்குள் முடித்துவிடுவதாக மாநகராட்சி அறிவித்திருக்கிறது. பார்க் குவெலுக்குப் போகும் 116-ஆம் எண் சிற்றுந்தில் குடியிருப்போருக்கே இடம் கிடைக்காததால், கூகுள் மேப்பிலிருந்தே அந்தத் தடத்தை எடுக்கவைத்தார்கள். எனவே விடுதியில் தங்குங்கள், அந்தச் சிற்றுந்தை விட்டுவிடுங்கள். உங்கள் மனைவியும் வருவதால் ஒன்று: பார்க் குவெல் குன்றின் மேல் இருக்கிறது. வல்கார்கா மெட்ரோ நிலையப் பக்கமிருந்து ஏறினால் தெருவிலேயே நகரும் படிக்கட்டுகள் உண்டு, முழங்காலுக்கு நல்லது.

செப்டம்பர் 24-ஐ ஒட்டி வரும் மெர்சே திருவிழாவுக்குப் போனால், ஆள்மேல் ஆள் ஏறிக் கட்டும் மனிதக் கோபுரத்தையும் பார்க்கலாம். ஆகஸ்டில் வேண்டாம், வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், உள்ளூர்க் கடைகள் பல பூட்டியிருக்கும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஸ்பெயின் மட்டும் என்றால் ஸ்பெயின் விசா மையத்தில். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

அந்த நிறுவனத்துக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா என்று எழுதவில்லை. கட்டியிருந்தால், ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது அவர்கள் கொடுத்த சிற்றேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு இன்றைக்கே படித்துவிடுங்கள்.