கலப்பு ஒயின் என்றால் மட்டமா?

கேள்வி: மிலானில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர் வீட்டு விருந்துக்கு ஒரு பாட்டில் ரெட் ஒயின் கொண்டுபோக வேண்டும். தக்காளி சாஸ் போட்ட பாஸ்தாவும் மாட்டிறைச்சியும் செய்கிறார்களாம். கடையில் கியாந்தி கிளாசிக்கோ, வல்பொலிச்செல்லா ரிபாஸ்ஸோ இரண்டையும் காட்டினார்கள். இரண்டுமே பல திராட்சைகள் சேர்ந்த கலப்பாம். ஒரே திராட்சையில் செய்ததுதானே உசத்தி? எதை வாங்கலாம்?

பதில்: கலப்பு வேறு, கலப்படம் வேறு. பரோலோ போல ஒரே திராட்சையில் செய்யும் அருமையான ஒயின்களும் இத்தாலியில் உண்டு. ஆனால் ஒரு திராட்சையிடம் இல்லாததை இன்னொன்றிடம் வாங்கிக்கொள்வது அங்கே பழைய கைப்பக்குவம்.

டஸ்கனி பகுதியின் ஒயினான கியாந்தியையே பாருங்கள். இத்தாலியின் பிரதமராக இருந்த பெத்தினோ ரிக்காசோலி, தன் தோட்டத்தில் பல வருடம் சோதித்துவிட்டு 1872-ல் ஒரு கடிதத்தில் கணக்கைச் சொன்னார்: மணமும் திடமும் சஞ்ஜோவேசே என்ற சிவப்புத் திராட்சையிலிருந்து, அதன் முரட்டுத்தனத்தைத் தணிக்கக் கனயோலோ என்ற இன்னொரு சிவப்புத் திராட்சை, சீக்கிரம் குடித்துவிடும் ஒயினுக்கு மட்டும் மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை. அந்த 'மட்டும்' பிறகு காணாமல் போனது. 1967-ல் வந்த விதி, குறைந்தது 10 சதவீதம் வெள்ளைத் திராட்சை சேர்த்தே ஆகவேண்டும் என்றது. ஒயின் நீர்த்துப்போனது. நல்ல தயாரிப்பாளர்கள் சிலர் கியாந்தி என்ற பெயரே வேண்டாம் என்று வெளியேறினார்கள். அப்படி வெளியேறிய 1971-ன் தின்யனெல்லோ என்ற ஒயின், வெறும் 'மேசை ஒயின்' என்ற கடைசித் தரத்தின் பெயரில்தான் வந்தது. கியாந்தியின் பழைய மையப் பகுதியில் செய்யும் கியாந்தி கிளாசிக்கோவில் 2006 அறுவடையிலிருந்து வெள்ளைத் திராட்சைக்குத் தடை. இன்று குறைந்தது 80 சதவீதம் சஞ்ஜோவேசே இருக்கவேண்டும். மீதி சிவப்புத் திராட்சைகள். அதனால் கலப்பைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

ரிபாஸ்ஸோ வெரோனா பக்கத்துச் சரக்கு. கொர்வீனா, ரொந்தினெல்லா முதலிய திராட்சைகளைத் தட்டுகளில் பரப்பி, மூன்று நான்கு மாதம் சுருங்கும்வரை உலர்த்தி அமரோனே என்ற கனமான ஒயினைச் செய்கிறார்கள். அதில் மிஞ்சும் சக்கையின் மேல் அதே பகுதியின் சாதாரண வல்பொலிச்செல்லா ஒயினை ஊற்றி மறுபடி நொதிக்க விடுவதுதான் ரிபாஸ்ஸோ. உலர்பழ வாசனை, வழவழப்பு, கூடுதல் போதை.

உங்கள் விருந்துக்குக் கியாந்தி கிளாசிக்கோதான் என் தேர்வு. ஒரு வாய் குடித்ததும் புளிப்புச் செர்ரி தெரியும். அப்புறம் நாவல்பழம் தின்ற மாதிரி ஒரு துவர்ப்பு ஈறுகளைப் பிடிக்கும். அந்தப் புளிப்பு தக்காளிக்கு ஈடுகொடுக்கும், துவர்ப்பு இறைச்சியின் கொழுப்பை வழித்துவிடும். ரிபாஸ்ஸோ தக்காளியோடு கொஞ்சம் தித்திப்பாகத் தெரியலாம். மெதுவாக வேகவைத்த இறைச்சியோ முதிர்ந்த சீஸோ மட்டும் என்றால் அதைச் சொல்லியிருப்பேன்.

பாட்டிலில் கியாந்தி கிளாசிக்கோவின் அடையாளமான கறுப்புச் சேவல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கோடை என்றால் கிளம்புவதற்கு முன் இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். 16 முதல் 18 டிகிரிதான் இதற்குச் சரி. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.