எந்த ஐ.எஸ்.டி.?

தம்பி, டப்ளினில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது, ஊரில் எழுதியது போலவே மெயிலில் பி.எஃப்.ஏ. (இணைப்பைப் பார்க்கவும்), இ.ஓ.டி. (நாள் முடிவுக்குள்) என்று போடலாமா, விரித்து எழுதினால் கத்துக்குட்டி என்று நினைப்பார்களோ என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக விரித்தே எழுதுங்கள். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

நான் வந்த புதிதில், ஒரு ஜூன் மாதம், சென்னைக் குழுவையும் இங்குள்ள மேனேஜரையும் ஒரு மீட்டிங்குக்கு அழைத்தேன். மெயிலில் 'மாலை 3 மணி, ஐ.எஸ்.டி.' (IST, அதாவது இந்திய நேரம்) என்று மட்டும் எழுதினேன். சென்னைக்காரர்கள் அவர்கள் நேரப்படி சரியாக வந்துவிட்டார்கள். இங்கே அப்போது காலை 10.30. மேனேஜரைக் காணோம். வெயில்காலத்தில் அயர்லாந்து நேரத்துக்கும் அதே மூன்று எழுத்துதான்! நாலரை மணி நேரம் கழித்து, டப்ளினில் மூன்று அடித்ததும், அவர் தனியாக வந்து உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து 'டப்ளின் 10.30, சென்னை 3.00' என்று ஊர் பெயரோடுதான் எழுதுகிறேன்.

பி.எஃப்.ஏ. நம்மூர் அலுவலகச் சரக்கு. இங்கே கால்பந்துப் பைத்தியம் பிடித்தவருக்கு இங்கிலாந்து கால்பந்து வீரர்களின் சங்கம்தான் நினைவுக்கு வரும். 'ஃபைலை இணைத்திருக்கிறேன்' என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகிவிடப் போகிறது? இ.ஓ.டி. புரியும், ஆனால் யாருடைய நாள் முடிவு? அதனால் மணியைச் சொல்லிவிடுங்கள். தேதியும் அப்படித்தான். 03/04 என்றால் இங்கே ஏப்ரல் 3, அமெரிக்கக் கிளையில் இருப்பவருக்கு மார்ச் 4. மாதப் பெயரை எழுத்தில் போட்டால் வம்பில்லை.

ஐரிஷ் கடலுக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் அரசு இணையதளத்தின் நடைக் கையேடு இன்னும் ஒரு படி மேலே போகிறது. 'எடுத்துக்காட்டாக' என்பதற்கு நாம் போடும் 'இ.ஜி.' கூட வேண்டாம் என்கிறது. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் சில சமயம் அதை 'எக்' என்று, முட்டையாகப் படித்துவிடுமாம். 'கான்ட்', 'டோன்ட்' போன்ற சுருக்கங்களையும் தவிர்க்கச் சொல்கிறது, பலர் அவற்றை நேர்மாறாகப் படித்துவிடுகிறார்களாம். நண்பருக்கு எழுதும்போது பரவாயில்லை, 'வர முடியாது' என்று மேலதிகாரிக்குச் சொல்லும்போது நான் 'கேனாட்' என்றே முழுசாக அடிக்கிறேன்.

அப்புறம், இவர்கள் சுருக்கங்களை நீங்கள் கற்றே ஆக வேண்டும். பி.பி.எஸ். எண் (வரிக்கும் அரசு சேவைகளுக்கும் தரும் அடையாள எண்), ஜி.பி. (குடும்ப மருத்துவர்), ஐ.ஆர்.பி. அட்டை (வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அனுமதி அட்டை) எல்லாம் யாரும் விரித்துச் சொல்ல மாட்டார்கள். புரியாவிட்டால் கேட்டுவிடுங்கள், கோபிக்க மாட்டார்கள். என் மேனேஜர் இன்றைக்கும் என் மீட்டிங் அழைப்பைப் பார்த்தால் முதலில் கேட்பது, "எந்த ஐ.எஸ்.டி.?"