மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பொடி

கேள்வி: அம்மாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. புதுச்சேரியில் ஒரு மண்டபக் கூட்டத்தில் மூலிகைப் பானப் பொடி என்று டப்பா 2,400 ரூபாய்க்கு விற்றார்கள். காலையும் மாலையும் 25 கிராம் கலக்கிக் குடித்தால் மூன்று மாதத்தில் மாத்திரையே வேண்டாமாம். எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் போட்டிருக்கிறதே, நம்பலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த 14 இலக்க எண், நிறுவனம் உணவுத் தொழில் செய்ய உரிமமோ பதிவோ பெற்றிருக்கிறது என்பதற்கு மட்டுமே அடையாளம். நோய் தீரும் என்பதற்குச் சான்று அல்ல. நோயைக் குணமாக்கும் என்று உணவுப் பொருளை விளம்பரம் செய்ய அந்த ஆணையத்தின் 2018 விளம்பர விதிகள் இடம் தருவதில்லை. பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பெயருக்கே உணவுச் சட்டத்தில் விளக்கம் கிடையாது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களில் எடை அதிகமுள்ளதுதான் முதலில் வரும். அங்கே மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி) இருந்தால், மூலிகை ஊறுகாய் அளவுக்குத்தான். அது அவ்வளவாக இனிக்காது, ஆனால் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் இந்தப் பெயரைத் தேடுங்கள். 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் 70 கிராம் என்றிருந்தால், அம்மாவின் 50 கிராமில் தினம் 35 கிராம் உள்ளே போகிறது.

மாறாக, சில நாளிலேயே சர்க்கரை மளமளவென்று இறங்கினால் அதுதான் இன்னும் பயம். கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளைச் சொல்லாமல் கலந்த ‘மூலிகை’ப் பொருட்கள் பிடிபட்டிருக்கின்றன. சொந்த மாத்திரையும் சேர்ந்தால் வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம்.

பணத்துக்கு வருவோம். இந்த வியாபாரத்தின் சூட்சுமமே, மேடையில் வாயால் சொன்னதை லேபிளில் எழுதாமல் விடுவது. அதனால் விற்றவரிடம் ‘மாத்திரையை நிறுத்தலாமா?’ என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். எழுத்தோ குரலோ, வரும் பதிலை அழிக்காதீர்கள். பில்லையும் மீதிப் பொடியையும் டப்பாவோடு பத்திரப்படுத்துங்கள்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். விற்பனை நடந்தது புதுச்சேரியில் என்பதால் உணவுப் பாதுகாப்புப் புகாரை அங்குள்ள துறைக்கே அனுப்ப வேண்டும். கடலூர் அதிகாரி எல்லை தாண்டி மாதிரி எடுக்க முடியாது. நுகர்வோர் வழக்குக்கு அந்த அலைச்சல் இல்லை. நீங்கள் குடியிருப்பது கடலூர் என்பதால் இங்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.