கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துப் பக்கம் போகும்போது பெரிய லாட்ஜுக்குப் பதிலாக, அந்த ஊர் மசாய் பழங்குடி வழிகாட்டி ஒருவர் சொந்தமாக நடத்தும் சின்ன முகாமில் தங்கலாமா?

தாராளமாகத் தங்கலாம். நான் தங்கியிருக்கிறேன். மறுபடி கென்யா போனாலும் அப்படித்தான் தங்குவேன்.

வசதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் பேச அதிகம் இல்லை. கான்வாஸ் கூடாரம், நல்ல கட்டில், பின்பக்கம் கழிப்பறை, சோலார் விளக்கு. குளிக்க வேண்டும் என்று சொன்னால் மேலே தொங்கும் வாளியில் சுடுதண்ணீர் ஊற்றுவார்கள். சுற்றிலும் வேலி கிடையாது. அதனால் இருட்டிய பிறகு தனியாக நடக்கக் கூடாது; டார்ச்சும் ஈட்டியுமாக ஒரு காவலர் கூடவே வருவார். சைவம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சப்பாத்தி, பீன்ஸ், சுக்குமா கீரைப் பொரியல் என்று நன்றாகவே சாப்பிடலாம்.

வித்தியாசம் தெரிவது வண்டியில் ஏறிய பிறகுதான். எங்கள் முகாமில் உரிமையாளரே வண்டி ஓட்டினார். சிறுவயதில் மாடு மேய்த்தவர், பிறகு தேர்வு எழுதி வழிகாட்டி உரிமம் வாங்கியவர். ஒரு நாள் காலையில் கரையான் புற்றின் மேல் ஒரு டோப்பி மான் அசையாமல் நின்றது. இன்ஜினை அணைத்தார். "அது நம்மைப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் பார்க்கிறது, கவனியுங்கள்" என்றார். கொஞ்சம் தள்ளி நின்ற சின்ன மான்களும் மேய்ச்சலை விட்டுவிட்டு அதே திசையில் கழுத்தை நீட்டியிருந்தன. அங்கே புல்லுக்குள் இரண்டு காதுகள். சிவிங்கிப்புலி, கூடவே குட்டிகள். எங்களில் ஒருவர் இன்னும் கிட்டே போகச் சொன்னார். "குட்டிக்காக வேட்டைக்குக் கிளம்பியிருக்கிறது. வண்டி நெருங்கினால் காரியம் கெட்டுவிடும்" என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டார்.

சம்பளத்துக்கு ஓட்டும் வழிகாட்டிக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் விருந்தினர் முகம் சுளித்தால் டிப்ஸ் போகும், முதலாளியிடம் புகார் போகும் என்ற பயம் அவருக்கு உண்டு. முகாம் தன்னுடையதாக இருப்பவர் தயங்காமல் 'முடியாது' என்று சொல்லலாம். அந்த முகாமில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அடுத்தது நிலம். நாம் மாரா என்று சொல்லும் காப்பகம் சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். விலங்குகளுக்கு அந்த எல்லையெல்லாம் தெரியாது. வெளியே மசாய் குடும்பங்களின் நிலத்திலும் அவை மேய்கின்றன. அந்த நிலம் முன்பு 1968-ம் ஆண்டுச் சட்டப்படி கூட்டுப் பண்ணைகளாக இருந்தது. பிறகு தனித்தனிப் பட்டாவாகப் பிரிந்தது. பட்டா கைக்கு வந்தவர் வேலி போடலாம், உழலாம், விற்கலாம். வேலி வந்தால் வரிக்குதிரைக்கும் வில்டபீஸ்ட் என்ற பெரிய மானுக்கும் வழி அடைபடும். இதைத் தடுக்கத்தான் பக்கத்துப் பக்கத்துப் பட்டாக்காரர்கள் நிலத்தை ஒன்றுசேர்த்துச் சுற்றுலா முகாம்களுக்குக் குத்தகைக்கு விடும் கன்சர்வன்சிகள் வந்தன. ஒலாரே ஒரோக் என்ற கன்சர்வன்சி 2006-ல் தொடங்கியது, நபொய்ஷோ என்பது அதற்குச் சில வருடம் பின்னால். கூடாரங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ஒரு விலங்கைச் சுற்றி நிற்கும் வண்டிகளுக்கும் வரம்பு உண்டு. காப்பகத்துக்குள் அனுமதி இல்லாத இரவுச் சவாரியும் நடைப்பயணமும் இங்கே கிடைக்கும். 2020-ல் கொரோனாவால் விருந்தினர் வரத்து நின்றதும் குத்தகைப் பணம் ஆட்டம் கண்டது. இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் நிற்கிறது என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

கன்சர்வன்சிக்குள் மாட்டு மந்தையைப் பார்த்துச் சிலர் 'காட்டில் என்ன மாடு?' என்று சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் கோபம்தான் வந்தது. நிலம் அவர்களுடையது. அங்கங்கே முறை வைத்துத்தான் மேய்க்கிறார்கள். ஒரு ஆண் சிங்கத்தைக் காட்டி, "போன மழைக்காலத்தில் என் சித்தப்பாவின் மாட்டை அடித்தது இவன்தான்" என்றார் எங்கள் வழிகாட்டி. பழைய காலமென்றால் ஈட்டியோடு கிளம்பியிருப்பார்கள். இப்போது சித்தப்பா மாட்டுப்பட்டியின் முள்வேலியை எடுத்துவிட்டு உயரமாகக் கம்பிவலை அடித்திருக்கிறார். மாட்டை இழந்தும் ஒரு குடும்பம் பொறுத்துக்கொள்கிறது என்றால், சிங்கத்தால் வரும் வருமானத்தில் அந்த வீட்டுக்கும் பங்கு போயாக வேண்டும்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? 'மசாய் முகாம்' என்று பலகை வைத்த இடமெல்லாம் மசாய்க்காரருக்குச் சொந்தமில்லை. பல இடங்களில் நிலம் மட்டும்தான் அவர்களுடையது, கம்பெனி வெளியாருடையது. குத்தகை ஒழுங்காகப் போகிறது என்றால் அதுவும் மோசமில்லை. மாராவை விட்டுத் தள்ளி, கென்யாவின் லைக்கிப்பியா பகுதியில் 1996-ல் திறந்த இல் ங்க்வேசி லாட்ஜ் முழுக்க அந்த மசாய் சமூகத்துக்கே சொந்தம். மாராவில் நஷுலாய் கன்சர்வன்சியை 2016-ல் மசாய் நிலக்காரர்களே தொடங்கினார்கள்; அங்கே யாரும் வீட்டைக் காலி செய்யவில்லை, மாடும் காட்டு விலங்கும் ஒரே புல்வெளியில் மேய்கின்றன. தனி ஆள் நடத்தும் சின்ன முகாம்கள் காப்பகத்தின் தலெக், செக்கெனானி வாசல்களுக்கு வெளியே நிறைய உண்டு. உள்ளூர்க்காரர் முகாம் என்பதற்காக மட்டும் பதிவு செய்துவிடாதீர்கள். தலெக் ஆற்றோரம் முகாம்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, கழிவு நீர் எங்கே போகிறது என்று கட்டாயம் கேளுங்கள். நிலம் யாருடையது, குத்தகை யாருக்குப் போகிறது, வழிகாட்டிக்குக் கென்ய சஃபாரி வழிகாட்டிகள் சங்கத்தின் வெண்கல அல்லது வெள்ளித் தகுதி உண்டா என்றும் கேளுங்கள். நேர்மையானவர்கள் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

செலவில் ஒன்றைக் கவனியுங்கள். வாசலுக்கு வெளியே தங்கினால் காப்பக நுழைவுக் கட்டணம் தனி. 2024 கணக்குப்படி வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். அப்புறம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் போய்விடாதீர்கள், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம்; பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும்.