மீன் போடும் முன் ஒரு கிண்ணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தூத்துக்குடி பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான், இப்போது கோவையில் வேலை. ஆச்சி மண்சட்டியில் வைத்த சாளைக் குழம்பைத் தின்று வளர்ந்த உடம்பு இது. சில வருஷமாக மீன், கறி, முட்டை எதிலும் மனசு போகவில்லை, விட்டுவிட்டேன். ஆனால் பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் இன்னும் வாய் ஊறுகிறது. ஊருக்குப் போனால் சாப்பாட்டு நேரத்தில் அம்மா முகம் வாடிவிடுகிறது. என்ன செய்யட்டும்?
- வாசகி, கோவை

பதில்: வாய் ஊறுகிறதே, நம் முடிவில் உறுதி இல்லையோ என்று சந்தேகப்படாதீர்கள். பார்ப்பது, கேட்பது எல்லாம் மூளையில் தாலமஸ் என்ற இடம் வழியாகத்தான் மற்ற இடங்களுக்குப் போகும், மணம் மட்டும் அங்கே நிற்காமல் உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளுக்கு நேராகப் போய்விடும், அதனால்தான் ஒரு மணம் பட்டதும் ஆச்சியின் அடுப்படியே கண்முன் வருகிறது. அது ஆயுசுக்கும் இருக்கும். இருக்கட்டும்.

அப்புறம், அந்த மணத்தில் மீன் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். நல்லெண்ணெயில் சிவந்த வெந்தயம், வதங்கிய சின்ன வெங்காயம், பூண்டு, புளி, மல்லி, மிளகாய், அரைத்த தேங்காய், கறிவேப்பிலை, சீசனில் நாலு துண்டு மாங்காய். மீன் வந்து சேர்வது கடைசியில்தான். குழம்பு நன்றாகக் கொதித்துப் பச்சை வாசனை போன பிறகு மீனைப் போட்டு, கரண்டியால் கிண்டாமல் சட்டியை லேசாக ஆட்டிவிட்டு, வெந்ததும் இறக்கிவிடுவார்கள். அதனால் அடுத்த முறை போகும்போது அம்மாவிடம் இதை மட்டும் கேளுங்கள்: "மீன் போடும் முன்னால எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைம்மா." அதில் வேகவைத்த மொச்சையோ முருங்கைக்காயோ கத்திரிக்காயோ போட்டு இன்னொரு கொதி விட்டால் போதும். கருவாட்டுக் குழம்பில் எப்போதுமே மொச்சையும் கத்திரிக்காயும்தானே பாதிச் சட்டி! கடல் வாசனை வராதுதான், அதற்காகக் கடையில் விற்கும் போலி மீனைத் தேடிப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வறுத்த மீனுக்குப் பதில் சேனைக்கிழங்கு இருக்கிறது. அரிப்பு போகப் புளித்தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து, அதே மீன் மசாலாவைத் தடவி, தோசைக்கல்லில் முறுக விடுங்கள்.

தன் கைச்சமையலையே மகள் வேண்டாம் என்கிறாள் என்றுதான் அம்மாவுக்குப் படுகிறது. அவர் வைத்த குழம்பையே நீங்கள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அந்த வருத்தம் பாதி குறைந்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லோரும் கறி சாப்பிடுவார்கள். நான் நிறுத்தியதும், "உசந்த சாதி ஆகிட்டியோ" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
- வாசகர், மதுரை

பதில்: கோபப்படாதீர்கள். கறி சாப்பிடுகிறவர் என்ற ஒரே காரணத்துக்காக வாடகைக்கு வீடு தர மறுக்கிற நாடு இது, அந்தக் காயத்தில் இருந்து வருகிற கேள்வி அது. வள்ளலாரைப் பற்றிச் சொல்லுங்கள். புலால் கூடாது என்றவர் அவர், சாதி கூடாது என்றவரும் அவரேதான். 1867-ல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையில் சாதி, மதம் பார்க்காமல் இன்றைக்கும் சோறு போடுகிறார்கள். உயிர்மேல் இரக்கப்பட்டு நிறுத்துவதற்கு எந்தச் சாதியும் வேண்டியதில்லை. ஆனால் அடுத்தவர் இலையைப் பார்த்து ஒருபோதும் முகம் சுளிக்காதீர்கள், சுளித்தால் அவர்கள் கேட்டது சரி என்று ஆகிவிடும். நம் தாத்தா பாட்டி காலத்தில் எத்தனையோ வீடுகளில் கறி என்பது தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும்தான், மற்ற நாளெல்லாம் கூழும் கீரையும் பயறும்தான் அவர்களுக்குத் தெம்பு கொடுத்தன. இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: 16 வயது மகன் பால், தயிர்கூட வேண்டாம் என்கிறான். உடம்பு தாங்குமா?
- வாசகி, சேலம்

பதில்: தாங்கும், வைட்டமின் பி12-ஐ மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அதைத் தயாரிப்பது பாக்டீரியா, காய்கறியிலோ பயறிலோ நம்பும்படியாகக் கிடையாது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருஷம்கூடத் தாங்கும் என்பதால் குறை உடனே வெளியே தெரியாது. சோர்வு, கை கால் மரத்துப்போவது என்று தெரிய வரும்போது நாள் கடந்திருக்கும். இரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொல்லும் அளவில் மாத்திரை கொடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது, அதே அளவு பசும்பாலில் 120 சொச்சம்தான். எள்ளும் நல்லது. புரதத்துக்குத் தினமும் இரண்டு வேளை பருப்போ சுண்டலோ தட்டைப்பயறோ இருக்கட்டும், கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் அதை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.