மங்குஸ்தான்: அமுக்கிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: நல்ல ஊதா நிறமாகப் பார்த்து ஒரு கிலோ மங்குஸ்தான் வாங்கினேன். பாதிப் பழங்களில் கத்தியே இறங்கவில்லை. சில சுளைகளில் மஞ்சள் பசை வேறு. எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: ஊதா நிறம் பழுத்துவிட்டதைச் சொல்லும்; உள்ளே நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. ஒவ்வொரு பழத்தையும் கட்டைவிரலால் மெல்ல அமுக்குங்கள். தோல் சற்றே உள்வாங்கினால் எடுத்துக்கொள்ளலாம். சுற்றிலும் இறுகியிருந்தால் பறித்து நாளாகி ஈரம் வற்றியது. ஓரிடம் மட்டும் இறுகியிருந்தால் அங்கே அடிபட்டிருக்கிறது. மற்ற பழங்கள் அடிபட்டால் கன்றிக் குழையும்; மங்குஸ்தான் தோலோ கட்டைபோல் இறுகிவிடும். அதன் கீழுள்ள சுளையும் பழுப்பேறியிருக்கக்கூடும்.

காம்பை ஒட்டிய தடித்த இதழ்கள் பச்சையாக இருக்க வேண்டும். பிறகு பழத்தைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். சின்னப் பூவை ஒட்டவைத்ததுபோல் ஒரு வடு தெரியும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. ஒரே அளவுப் பழங்களில் 6, 7 இதழ் உள்ளதையே பொறுக்குங்கள். பெரிய சுளையில்தான் விதை இருக்கும். சிறிய சுளைகள் பெரும்பாலும் முழுக்கச் சதை.

மஞ்சள் பசை, பழத்திலேயே ஊறும் பால். காய் பருக்கும் காலத்தில் திடீரென்று நீர் மிகுந்தால் பால் நாளங்கள் வெடித்துச் சுளையில் கசியும். கசப்பாக இருக்கும். தோலைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அந்தச் சுளையை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும் என்றால் வேண்டாம், காற்றாடும் நிழலில், ஒன்றன்மேல் ஒன்று குவிக்காமல் பரப்பி வைத்தால் போதும். இதற்கு உகந்தது 13 டிகிரி செல்சியஸ் அளவுக் குளுமை. ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் பல நாள் கிடந்தால் குளிர் தாக்கியே தோல் இறுகிவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் காகிதத்தில் சுற்றி, துளையிட்ட பையில் போட்டு, காய்கறித் தட்டில் வையுங்கள். சில நாளுக்குள் முடித்துவிடுங்கள். இளஞ்சிவப்பான பழத்தை வெளியிலேயே விடுங்கள். அது தானாக ஊதாவாகும்.

கேள்வி: சுளை நசுங்காமல் உரிப்பது எப்படி?

பதில்: பழத்தின் நடுவில் கத்தியை அரை சென்டிமீட்டர் ஆழம் மட்டும் இறக்கி, பழத்தைச் சுழற்றி முழு வட்டமாகக் கீறுங்கள். இரு பாதிகளையும் எதிரெதிராகத் திருகினால் மேல்பாதி மூடிபோல் கழன்று வரும். வெள்ளைச் சுளைகள் கீழ்க் கிண்ணத்தில் அப்படியே நிற்கும், முள்கரண்டியால் எடுங்கள். தோலின் சாறு கடும் துவர்ப்பு, சுளையில் படக்கூடாது. துணியில் பட்டால் கறை போகாது, பழைய உடையில் உட்காருங்கள். பெரிய சுளையைக் கடிக்காமல் சப்புங்கள், விதை கசக்கும்.